சகலையின் அமௌண்ட்

ஆக. 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஷேவ் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து, “ஒரு அமௌண்ட் வர வேண்டியிருக்கு” என்று ஏழெட்டு முறை சொல்லிப் பழகினேன். வயது ஐம்பத்திரண்டு. வெட்கக்கேடு. அப்படியும் ஏழுமலை சொல்கிற பதம் வரவில்லை. ஏழுமலை என் சகலை, என் மனைவி செல்வியின் தங்கை புருஷன். அவன் அந்த வார்த்தையைச் சொன்னால் எதிரில் இருப்பவன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொள்வான்.

நேற்று மணிமங்கலத்தில் மாமியார் வீட்டு விருந்து. ஒரகடம் பக்கம் ஏழுமலையின் நிலத்தை சர்க்கார் கம்பெனிக்காக எடுத்ததிலிருந்து நல்லி எலும்பு அவன் இலைக்குத்தான். எனக்கு உருளைக்கிழங்கு. மாமியார் சொன்னது: “நீங்க ஸ்டோர் கீப்பரு மாப்ள, அளவாத்தான் துன்னுவீங்க.”

ஆக. 5, செவ்வாய்

ஷிப்ட் முடியும்போது மழை. கம்பெனி பஸ்ஸில் யோசித்தது:

டீக்குத் துட்டு. பஸ்ஸுக்குக் காசு. ஆஸ்பத்திரிக்குப் பணம். எனக்கு வருவது சம்பளம், மிஞ்சினால் ஓ.டி.

நிலம் கொடுத்தவனுக்கு மட்டும் அமௌண்ட். எவ்வளவு என்று கேட்பது அநாகரிகம்.

பேங்கில் ஐந்நூறு ரூபாய் போடப் போனாலும் கவுன்ட்டர் பெண் “அமௌண்ட் சொல்லுங்க சார்” என்கிறாள். நல்ல இடத்துப் பெண்.

ஆக. 6, புதன்

டீக்கடையில் சொல்லியே விட்டேன். வாலாஜாபாத் பக்கம் அப்பா விட்டுப்போன அரை ஏக்கருக்கு ஒரு அமௌண்ட் வருகிறதென்று. கடைக்காரர், “இன்னா சார், சொல்லவே இல்ல!” கிளாஸை இரண்டாம் தரம் கழுவிக் கொடுத்தார்.

அந்த அரை ஏக்கரில் இருப்பது வேலிக்காத்தான் முள். எவனும் கேட்டு வரவில்லை.

ஆக. 8, வெள்ளி

செல்வி காதுக்கும் போய்விட்டது. “ஊருக்கே தெரிஞ்சிகீது, பொண்டாட்டிக்குச் சொல்ல மாட்டீங்களா?” கோபமில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் என்னை இப்படிப் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். முட்டை தோசை வந்தது. அதற்கே வாய் பயன்பட்டது.

தங்கைக்கும் போன் போட்டாளாம். இரண்டாவது தோசையை வேண்டாமென்றேன்.

ஆக. 10, ஞாயிறு

பத்து மணிக்கு ஏழுமலை. ஆப்பிளோடு! கடன் கேட்பான், தரமாட்டேன் என்று கம்பீரமாகச் சொல்லலாம். இஸ்திரி சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் பையிலிருந்து எடுத்தது பட்டா நகல், ஒரு கட்டு மனு.

“சகல, உனுக்கு எந்த ஆபீசுல முடிச்சிக் குடுத்தாங்கோ? யாரைப் பாத்த? என்னியும் கூட்டிக்கினு போயேன்.”

“உன்னுதுதான் எப்பவோ வந்துட்ச்சே?”

“இன்னா வந்துச்சி? நாலு வருசமா ஆபீஸ் ஆபீஸா நடக்கறேன். ஒரு ரூபா வரல. அத்தைக்குத் தெரிய வேணாம்.”

நாளைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறான், என்னோடு வருவதற்கு.