சித்தப்பாவின் அறுபத்து நான்கு டைகள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, ரத்த அழுத்தம்கூட இறங்கியிருக்கிறது, டாக்டருக்கே ஆச்சரியம். உன் அம்மா சுகமா என்பதை அவளைத்தான் கேட்க வேண்டும், மூன்று வாரமாகத் தட்டை மேசையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடுகிறாள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்தக் குளிருக்கு உன் இருமல் எப்படி இருக்கிறது என்று எழுது. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் இரண்டாவது விஷயத்துக்கு வருவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடும். கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

நான்கு மாதத்துக்கு முன் நீ அனுப்பிய அறிக்கையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஊரில் இருக்கிற கம்பெனிக்கெல்லாம் போட்டியாளர்களை அலசி வழி சொல்கிறாயே, பெற்றவனின் அட்டைப்பெட்டித் தொழிலுக்கும் ஒன்று சொல்லேன் என்று கேட்டேன், நீயும் இருபத்து மூன்று பக்கம் எழுதி அனுப்பினாய். குறை சொல்ல முடியாத வேலை. காகித ஆலைக்காரன் எங்கே நம் கழுத்தைப் பிடிக்கிறான், பெட்டி வாங்குகிறவன் எந்த இடத்தில் நம்மை மிரட்டுகிறான், நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாக வந்த பெரிய ஆலை எத்தனை நாள் நஷ்டத்தைத் தாங்கும், அட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் கூடை வந்தால் யார் முதலில் மாறுவான் என்று எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்த்திருந்தாய். முப்பது வருடம் பசை நாற்றத்தில் நின்றவனுக்குத் தெரியாத இரண்டு விஷயங்களும் அதில் இருந்தன. அந்த இரண்டும் உன் சித்தப்பா தொழிலைப் பற்றியவை. அவன் வாயிலிருந்தே நீ வாங்கியவை. நீ கேட்டால் அவன் எதைத்தான் மறைத்திருக்கிறான்? வெளிநாடு கிளம்பிய அன்று கார் என்னுடையதாக இருந்தும் சித்தப்பா வண்டியில்தான் போவேன் என்று அடம்பிடித்தவள் நீ. நான் உன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தேன். இதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை.

முதல் விஷயம், செருப்புக் கம்பெனிக்கும் அவனுக்கும் உள்ள ஒப்பந்தம் முடியும் மாதம். இரண்டாவது, அந்த ஒப்பந்தத்தில் டைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது. உனக்கே தெரியும், ஒவ்வொரு அளவுப் பெட்டிக்கும் அட்டையை வெட்டப் பலகையில் பிளேடு பதித்த டை ஒன்று வேண்டும், அதற்கு விலை கொடுப்பவன் வாடிக்கையாளன், ஆனால் அது காலம் பூராவும் பெட்டிக்காரனின் அலமாரியில்தான் கிடக்கும். யாரும் திருப்பிக் கேட்பதில்லை, கேட்டாலும் அடுத்தவன் மிஷினில் அது உட்காராது. வாடிக்கையாளனைக் கட்டிப்போடுவது விலை இல்லை, டைதான் என்று பதினான்காம் பக்கத்தில் எழுதியிருந்தாய். சரியாகச் சொன்னாய். ஆனால் உன் சித்தப்பா மிஷினும் என் மிஷினும் உன் தாத்தா ஜோடியாக வாங்கியவை, அங்குல வித்தியாசம் கிடையாது, அவன் டை என் மிஷினில் அப்படியே உட்காரும். இந்த ஊரில் வேறு எவனுக்கும் அது உதவாது, அண்ணன் கைவைக்க மாட்டான் என்ற தைரியத்தில் அவன் தூங்கினான்.

ஒப்பந்தம் முடிய பத்து நாள் இருக்கும்போது செருப்புக் கம்பெனி மேனேஜரைப் பார்த்தேன். அந்தக் கம்பெனியை முதலில் பிடித்தது நான். ஆறு மாதம் அவர்கள் வராந்தாவில் நாற்காலி தேய உட்கார்ந்து வாங்கிய ஆர்டர் அது. நானும் அவனும் தொழிலைப் பிரித்துக்கொண்டபோது உங்கள் தம்பியோடு பேசினால் சிரித்துக்கொண்டே வேலை முடிந்துவிடுகிறது என்று சொல்லி அவன் பின்னால் போனார்கள். பன்னிரண்டு வருடம் அந்தச் சிரிப்பு என் காதில் இருந்தது. மேனேஜரிடம் நான் அதிகம் பேசவில்லை. டை எல்லாம் உங்கள் சொத்து, கேட்டு வாங்குங்கள், மறுநாளே என் மிஷினில் பெட்டி அடித்துத் தருகிறேன் என்றேன். லாரி அனுப்பினார்கள்.

உன் சித்தப்பா பொருளைத் தர மாட்டேன் என்று இழுத்தடித்திருக்கலாம், பலகையை நனைத்து வீணாக்கியிருக்கலாம், நான் அவன் இடத்தில் இருந்தால் செய்திருப்பேன். அந்த மடையன் லாரியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மழுங்கின பிளேடுகளை மாற்றி, தேய்ந்த ரப்பரைப் பிய்த்துப் புதிது ஒட்டி, அறுபத்து நான்கையும் சாக்குச் சுற்றி ஏற்றிவிட்டிருக்கிறான். எங்கே போகிறது என்று டிரைவர் வாய்தவறிச் சொல்லியும்கூட, "எங்கண்ணன் மிஷினுக்குத்தானே, நல்லா ஓடட்டும்" என்றானாம். டிரைவர் இதை என்னிடம் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். டீ குடிக்கப் போகச் சொன்னேன். பிறகு அவனிடம் பெட்டி வாங்கிக்கொண்டிருந்த பல்புக்காரர்களும் மருந்துக்காரர்களும் தாங்களாகவே என்னிடம் வந்தார்கள். இரண்டு மாதத்தில் அவன் ஷட்டர் இறங்கியது. இப்போது என்னிடம்தான் வேலை பார்க்கிறான், டை அலமாரிக்குப் பொறுப்பு. நேரத்துக்கு வருகிறான், வேலையில் சுத்தம், அதைச் சொல்லியாக வேண்டும். தம்பியைச் சம்பளத்துக்கு வைத்த உத்தமர் என்று உன் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னதுதான் அவள் கடைசியாகப் பேசியது. அதற்கு முந்தின நாள் பேசியது இன்னும் மோசம், "பொண்ணு கையை வச்சே அவர் கழுத்தை நெரிச்சுட்டீங்க" என்றாள்.

வேலைக்குச் சேர்ந்த மறுநாள் அவன் என் அறைக்கு வந்தான். உட்காரவில்லை. "ஒப்பந்தம் முடியிற மாசம் உங்களுக்கு எப்படித் தெரியும்ணே? நான் ஒரே ஒரு ஆள்கிட்டதான் சொன்னேன்" என்றான். நான் உன் அறிக்கையை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே முழுக்கப் படித்தான். பதினான்காம் பக்கத்தை இரண்டு தடவை படித்தான். கடைசியில், "இருபத்து மூணுன்னு போட்டிருக்கு, இருபத்து ரெண்டுதானே இருக்கு" என்றான். மீதி வெறும் அட்டவணை என்றேன். "நல்லாத்தான் படிக்க வச்சிருக்கோம்" என்று சொல்லி மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு உன் பெயரை அவன் எடுக்கவில்லை, நீ கூப்பிடும்போது அவன் போன் ஏன் அடித்துக்கொண்டே இருக்கிறது என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

அந்த இருபத்து மூன்றாம் பக்கத்தில் நீ என்ன எழுதினாய் என்பது நம் இருவருக்கும் தெரியும். இரண்டு மிஷினும் ஒரே அளவு, இரண்டு பேரும் சேர்ந்தால் மட்டுமே பெரிய ஆலையை எதிர்த்து நிற்க முடியும், நாளைக்கே போய்த் தம்பியிடம் பேசுங்கள் அப்பா என்று எழுதியிருந்தாய். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். நம் ஆபீசுக்குள் வரும் எந்தக் காகிதத்துக்கும் குத்துகிற தேதி முத்திரை அதில் இருக்கிறது, பக்கத்தில் சிவப்பு மையில் 'முடியாது' என்று என் கையெழுத்தும் இருக்கிறது. உன்னிடம் உள்ள பிரதியைக் காட்டினால் பிறகு எழுதிச் சேர்த்தது என்று உன் சித்தப்பா நினைப்பான், இதைக் காட்டினால் நம்புவான். உன்மேல் தப்பில்லை என்று தெரிந்துகொள்வான். கூடவே, அவன் ஷட்டரைக் காப்பாற்ற ஒரு வழி என் மேசையில் கிடந்தது என்பதும், நான் அதைப் படித்துப் பார்த்து வேண்டாம் என்று எழுதினேன் என்பதும் தெரியும். இப்போதைக்கு அவன் தொழிலில் தோற்றதாக நினைத்துக்கொண்டு தினமும் வேலைக்கு வருகிறான், அண்ணன் தனக்கு ஒரு இடம் கொடுத்தான் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறான். ஐம்பத்திரண்டு வயதில் அதையும் விட்டு அவன் வெளியே போவதா, உன்னைப் பற்றித் தப்பாகவே நினைத்துக்கொண்டு இங்கே இருப்பதா என்பதை நீயே அலசி முடிவு செய். உனக்கு அதுதானே உத்தியோகம்.

இருமலுக்கு வெந்நீர் குடி, சனி ஞாயிறாவது தூங்கு. நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இருக்க என் ஆசிகள். ஒரு ஞாபகம், இருபத்தொன்றாம் தேதி உன் சித்தப்பாவுக்குப் பிறந்தநாள், அன்று காலை முதல் போன் உன்னுடையதுதான் என்று வருடா வருடம் எல்லோரிடமும் பீற்றிக்கொள்வான். கடிதம் அதற்குள் வந்துவிடும் என்று தபால்காரர் உறுதியாகச் சொல்கிறார்.

இப்படிக்கு,
உன் அப்பா