முழுச்சுற்றுப் படத்தில் விழுந்த நிழல்

அன்பு மகனுக்கு,

எங்கும் நிறைந்த பரம்பொருள் உனக்கு என்றும் துணைநிற்க.

நீ அனுப்பிய, கேமராவைத் தாங்கிச் சுழற்றும் கிம்பல் சுழல்தலை பழுதின்றி வந்து சேர்ந்தது. வீட்டை விற்பதற்காக நீ கேட்ட, அறையின் நாற்புறமும் காட்டும் முழுச்சுற்றுப் படங்களை எடுத்து அனுப்பிவிட்டேன். வாங்க வருகிறவர் எந்தச் சமயத்தவரோ என்று தரகர் சொன்னதால், மாடத்து விளக்கையும் மறைநூல்களையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். எங்களுக்கு முன்பே இறைவன் வீட்டைக் காலி செய்துவிட்டான்.

முதல் முறை நான் செய்த பிழைக்கு நீ தொலைபேசியில் சினந்தாய். "சொன்னதை மட்டும் செய்யுங்கப்பா, ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம்" என்றாய். சுழலும் அச்சு கேமராவின் அடியில் வரும்படி பூட்டியிருந்தேன். திருப்பத் திருப்ப, அருகிலிருந்த தூண் தொலைவிலிருந்த சன்னலை விட்டு விலகிக்கொண்டே போயிற்று. படங்களைக் கணினியில் ஒன்றாக ஒட்டியபோது தூண் இரண்டாகப் பிளந்து நின்றது. பிறகு நீ சொன்னபடி கேமராவைப் பூட்டிய தட்டைப் பின்னுக்குத் தள்ளி, அச்சு லென்ஸின் நேர்கீழே வரச் செய்தேன். எத்திசை திருப்பினும் தூணும் சன்னலும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாத இடம் கிட்டியதும் திருகை இறுக்கினேன். பாரமும் ஒத்துவந்தது, கையை எடுத்த பின்னும் சுழல்தலை கவிழவில்லை. சேர்ந்திருப்பவை பிரியாமல் காக்க இத்தனை நுட்பம் அறிந்தவன் நீ.

"படத்துல ஆள் விழக் கூடாது, அம்மாவை எங்கயாவது உட்கார வைங்க" என்றாய். முழுச்சுற்றில் விழாத மூலை ஏது? பார்வை மங்கியவளைத் தெருவில் நிறுத்த மனம் வரவில்லை. அவள் என் சட்டையைப் பற்றிக்கொண்டாள். நான் கேமராவின் பின்னே சுழல, அவள் என் பின்னே சுழன்றாள். "கல்யாணமான நாள்ல இருந்து உங்க பின்னாடிதான் சுத்துறேன். இன்னைக்குத்தான் அதுக்கு ஒரு கேமரா வெச்சீங்க, அதுலயும் நான் விழல" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு கைமாறியதும் அவள் உன் அக்காவிடம், நான் உன்னிடம் என்று நீங்கள் இருவரும் பேசி முடித்ததை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. "ரெண்டு பேரையும் ஒரே இடத்துல வெச்சுக்க யாருக்கும் வசதிப்படாதுப்பா" என்று நீ சொன்ன சொல்லும் என்னோடே நிற்கிறது. அந்திதோறும் நான் மறைப்பாடல்களைப் படிப்பேன். என் நா தடுமாறும் இடத்தில் அடுத்த அடியை அவள் எடுத்துக்கொடுப்பாள். இனி நான் படிப்பதை யார் கேட்பார், மறந்ததை யார் தருவார் என்று உங்கள் ஏற்பாட்டில் யோசித்திருப்பீர்கள்.

கூடத்துப் படத்தில் ஒரு குறை உண்டு. சன்னல் வெயில் முதுகில் பட்டதால் எங்கள் நிழல் எதிர்ச்சுவரில் விழுந்துவிட்டது. இருவருக்கும் சேர்த்து ஒரே நிழல். தரகர் நீக்கச் சொல்வார். அது உனக்குக் கைவந்த கலை, நீக்கிவிடு. ஆனால் நீக்குவதானால் முழுவதையும் சேர்த்தே நீக்கு, மகனே. பாதியை விட்டுவைக்காதே.

நீயும் உன் துணைவியும் முதுமையிலும் ஒருவரை ஒருவர் பிரியாமல் வாழ இறைவனை வேண்டும்,

உன் தந்தை.