நேர்மைக்கு முழு மதிப்பெண்

ஜூன் 4

மெய்யே வடிவான இறைவா, என் எழுதுகோலுக்கு முன்னே நீ நட. அது கோணினால் தடுத்தாட்கொள்க.

நான் யாத்த அறப்பாடல்களைப் பயின்ற மாணவர் நேர்மையில் உயர்ந்தனர் என்று ஆய்வறிக்கை வந்துவிட்டது. என் வாழ்த்துரையுடன் அது கல்விக் குழுவுக்குச் சென்றால், எல்லாப் பள்ளிகளிலும் பாடமாகும். கண்மூடுமுன் காண விழைவது அது ஒன்றே. ஆய்வை நடத்திய அறக்கட்டளையின் இயக்குநர் தொலைபேசியில், "நாலு வரி போதும் ஐயா. வெள்ளிக்கிழமை குழு கூடுது" என்றார்.

ஜூன் 5

மருமகளிடம் அறிக்கையைக் காட்டியிருக்கக் கூடாது. ஒழுக்கக் கல்வி ஆய்வுகளின் தரத்தைச் சலித்துப் பார்ப்பதே அவள் தொழில். காட்டியது பெருமைக்காகத்தான், வேறென்ன?

மாணவர் நேர்மையை அளக்க அறிக்கையில் இணைத்திருந்த வினாத்தாளில் ஒரு வரிமேல் விரல் வைத்தாள். 'நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை' — ஆம் என்றால் முழு மதிப்பெண்.

"மாமா, பத்து வயசுப் பிள்ளை இதுக்கு ஆமான்னு எழுதினா, அதுவே பொய்தானே?"

"பாட்டு படிச்ச பிள்ளைம்மா!"

"அதான் மாமா. எந்தப் பதில் பிடிக்கும்னு கத்துக்கிட்டிருக்கு. பாடம் நடத்தினவங்களே மார்க்கும் போட்டிருக்காங்க. பாட்டே படிக்காத வகுப்போட ஒப்பிடவும் இல்ல. எங்க மேசைக்கு வர்றதுல பாதி இப்படித்தான்."

உள்ளிருந்து என் மனைவி, "பாட்டுல பொய் போயிடும்னா, எழுதினவருக்கு முதல்ல போயிருக்கணுமே!" என்றாள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அறிந்தும் உறக்கமில்லை.

ஜூன் 6

அவ்வினாத்தாளை நானே எழுதிப் பார்த்தேன். குழந்தைகளைவிடக் குறைந்த மதிப்பெண்.

ஒப்பமிட்டால் என்ன கெட்டுவிடும்? பாட்டு நல்ல பாட்டுத்தானே. நல்லதைப் பரப்ப ஒரு சிறு — ஐயோ கிழவா, என்ன எழுதப் போனே?

ஜூன் 7

வாழ்த்துரை அனுப்பினேன்: 'இப்பாடல்களால் நேர்மை வளர்ந்தது என்பதற்கு இவ்வறிக்கை சான்றாகாது. முறையாக அளந்தபின் முடிவு செய்க.'

இயக்குநர் கத்தினார். "உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்களே ஐயா!"

ஜூன் 10

குழு ஒத்திவைத்தது. மறு ஆய்வாம். வெளியாரே அளப்பார்களாம்.

பிப்ரவரி 19

இம்முறை வினாத்தாள் இல்லை. தேர்வுத்தாளில் வேண்டுமென்றே மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டுத் திருப்பித் தந்து, எவர் வந்து சொல்கிறார் என்று பார்த்திருக்கிறார்கள். மருமகள் முடிவோடு வந்து, நெடுநேரம் வெயிலைப் பற்றிப் பேசினாள்.

"சொல்லும்மா."

"பாட்டு படிச்ச வகுப்பு, படிக்காத வகுப்பு... வித்தியாசம் இல்ல மாமா."

"ஒழுங்கா அளந்தாங்களா?"

"அளந்தாங்க."

"அப்ப அப்படியே அச்சுல போடச் சொல்லு. பாட்டு என்னுதுன்னு என் பேரையும் சேர்த்து."

மாலையில், வாய்மை பற்றிய பாடலைத் திருத்துவதற்கு எடுத்தேன்.

இத்தாளைப் பின்னாளில் புரட்டுவோரே, உம் இல்லத்தில் மெய் குடியிருக்க. உம் மக்கள் பொய்த்த நாளிலும், அதை வந்து சொல்லும் துணிவோடு வாழ்க.