புளுகுமானி சொன்ன தொண்ணூற்றெட்டு

ஜூன் 3, புதன்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை ஏழு இருபதுக்கு, குளியலறைக் கண்ணாடி சாட்சியாக, என் மேலுதட்டில் மூன்றாவது முடி உதயமானது. முதல் இரண்டும் நலம். வீட்டில் யாரும் வாழ்த்தவில்லை. அம்மா தையல் மெஷினிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. தங்கை மட்டும் கிட்டே வந்து உற்றுப் பார்த்துவிட்டு, "ம்ம்" என்றாள். பொறாமை.

இரண்டாவது செய்தி: புளுகுமானி பிறந்துவிட்டது. வெப்பத்துக்கு வெப்பமானி, புளுகுக்குப் புளுகுமானி. பெயர் உபயம் நான். போலி வீடியோ செய்வது சுலபம் (போன வருடம் எச்.எம். முகத்தைப் பூனைக்கு மாட்டி மியாவ் சொல்லவைத்தவனுக்குத் தெரியாதா). பிடிப்பதுதான் கஷ்டம். நானும் மின்னலும் பிடித்துவிட்டோம். மின்னல் என் வகுப்புதான். ஒரு வாக்கியத்தை முடிக்க ஒரு பீரியட் எடுத்துக்கொள்வான், அதனால் அந்தப் பெயர். பள்ளியில் எடுத்த நிஜ வீடியோ இருநூறு, என் அறையில் நான் முகம் மாற்றிச் செய்த போலி இருநூறு. இரண்டையும் செயற்கை நுண்ணறிவுக்குக் காட்டினால் வித்தியாசத்தை அதுவே கற்றுக்கொள்ளும். பிறகு, அது பார்க்காத நூறு வீடியோவைக் கொடுத்துப் பரீட்சை வைத்தோம்.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. நான் பெற்றெடுத்தது நான் வாங்காத மார்க்கை வாங்குகிறது.

ஜூன் 5, வெள்ளி

காலையில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ. ஒன்பது விநாடி. லைப்ரரி மிஸ் நூலகத்தில் உட்கார்ந்து சொல்கிறார்: "இந்தப் பசங்க படிச்சு என்ன ஆகப் போகுது? பாதிப் புத்தகத்தை நானே கிழிச்சுக் குப்பையில போட்டேன்."

மிஸ்ஸா? கிழிந்த அட்டையைக் கோந்து போட்டு ஒட்டி, காயும்வரை விசிறிக்கொண்டு நிற்கிற மிஸ்ஸா?

முதல் பீரியடிலேயே எச்.எம். கூப்பிட்டார்.

"பூனைக்கு அப்புறம் இதுவா?"

"சத்தியமா நான் இல்ல மேடம்."

"உன்கிட்டேர்ந்து ஏற்கெனவே மூணு சத்தியம் வாங்கி வச்சிருக்கேன். நாலாவதை வைக்க இடம் இல்ல."

மிஸ்ஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வெள்ளி நிர்வாகக் குழு கூடுகிறது. வேலை இருக்கிறதா போனதா என்று அன்றைக்குத் தெரியும். வெளியே போகும்போதும் திரும்பி வந்து கோந்து பாட்டிலை மூடிவிட்டுப் போனார்.

ஜூன் 6, சனி

போலி. மிஸ் வீடியோவைப் பார்த்துப் புளுகுமானி சொன்னது: தொண்ணூற்றெட்டு சதவீதம் போலி. திரும்ப ஓட்டினேன், தொண்ணூற்றெட்டு. மூன்றாவது தடவையும். மிஸ் தப்பித்தார், நான் தப்பித்தேன், உலகம் தப்பித்தது.

ஜூன் 8, திங்கள்

எச்.எம். அறைக்குள் லேப்டாப்போடு போனேன். காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை குழு முன்னாடி காட்டு. அங்க சொதப்பினா அந்த அம்மாவுக்கு வேலை போயிடும். விளையாட்டு இல்ல, புரியுதா?"

புரிகிறது மேடம். பேச்சுகூடத் தயார். "மாண்புமிகு குழுவினரே" என்று தொடங்குகிறது.

ஜூன் 9, செவ்வாய்

போச்சு.

சாயங்காலம் மின்னல் வந்தான். என் கட்டிலில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றான். தின்பதை அவனே வீடியோ எடுத்தான். போலி இல்லை, பச்சை நிஜம். புளுகுமானியில் போட்டான். போலி, தொண்ணூற்றேழு.

"டேய்... எனக்கு... ஒரு சந்தேகம்..."

"சீக்கிரம் சொல்லித் தொலைடா."

"பின்னாடி... திரைச்சீலை..."

பச்சைத் துணி, மஞ்சள் கிளிகள். நான் செய்த இருநூறு போலியிலும் பின்னால் அதே கிளிகள். நிஜ வீடியோ எல்லாம் பள்ளி வராந்தா, வெள்ளைச் சுவர். புளுகுமானி முகத்தையே பார்க்கவில்லை. கிளியைக் கண்டால் போலி, அவ்வளவுதான் அது கற்ற வித்தை. வராந்தாவில் ஒரு போலி செய்து கொடுத்தோம். நிஜம் என்று சத்தியம் செய்தது. என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

சரி, மிஸ் வீடியோவில் ஏது கிளி? லைப்ரரிக்குத் திரைச்சீலை தைத்தது அம்மா. மிஞ்சின துணிதான் என் ஜன்னலில் தொங்குது.

அப்ப அந்த வீடியோ? போலியா நிஜமா? தெரியலையே. மிஸ் நிஜமாவே சொல்லியிருந்தா? ச்சே, சொல்ல மாட்டாங்க. ஆனா தெரியலையே. வெள்ளிக்கிழமை பேசாம தொண்ணூத்தெட்டையே காட்டிடலாமா? கிளி விஷயம் எனக்கும் மின்னலுக்கும் மட்டும்தானே தெரியும்—

இதை எழுதியே இருக்கக் கூடாது.

ஜூன் 10, புதன்

கிடைத்தது, கிடைத்தது, கிடைத்தது.

தங்கைக்குக் காது பாதிதான் கேட்கும். காது மெஷின் மாட்டியிருப்பாள், மீதியை உதட்டைப் பார்த்துப் படித்துவிடுவாள். மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் நின்று அந்த வீடியோவைப் பார்த்தாள்.

"அண்ணா, மிஸ் என்ன பேசுறாங்க? ஒண்ணுமே புரியல."

அவள் பக்கம் திரும்பிச் சொன்னேன்: "புத்தகத்தைக் கிழிச்சுப் போட்டேன்கிறாங்க."

"இல்லையே. வாயே மூடல. நீ 'ப' சொல்லிப் பாரு, உதடு மூடாம."

சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. அம்மாவும் சொல்லிப் பார்த்தார், வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு. யாருக்கும் வராது. பசங்க, படிச்சு, போகுது, பாதி, புத்தகம், குப்பை, போட்டேன். ஏழு இடத்தில் உதடு மூடியாக வேண்டும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். ஏழு இடத்திலும் மிஸ்ஸின் வாய் 'ஆ' என்று இருக்கிறது.

மிஸ் சொல்லவில்லை. சொல்லவே இல்லை. எனக்கு மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்க வேண்டும்போல் இருந்தது. ஏறி இறங்கினேன்.

ஜூன் 11, வியாழன்

பள்ளிக்கு மட்டம். மின்னலும். தெரு, மொட்டைமாடி, பேருந்து நிறுத்தம், திரைச்சீலை, சுவர், எல்லா இடத்திலும் நிஜமும் எடுத்தோம், போலியும் செய்தோம். வீடியோவில் உதட்டை மட்டும் வெட்டி, சத்தத்தோடு சேர்த்துப் புளுகுமானிக்குப் புதிதாகப் பாடம். நூற்றுக்கு எண்பத்தாறு. முன்னைவிடக் குறைவுதான். ஆனால் இது சொந்தமாகப் படித்து வாங்கிய மார்க்.

ஜூன் 12, வெள்ளி

குழுவில் ஐந்து பெரியவர்கள். முதலில் வீடியோவைச் சத்தமில்லாமல் ஓட்டினேன். பிறகு, "உதடு மூடாம 'ப' சொல்லிப் பாருங்க" என்றேன். ஐந்து பேரும் தரையில் விழுந்த மீன்போல வாயைத் திறந்து திறந்து பார்த்தார்கள். எச்.எம். யாருக்கும் தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி முயற்சி செய்தார்.

அடுத்து அதே வாக்கியத்தைக் கேமரா முன்னால் மிஸ் சொல்ல வேண்டும். இரண்டு தடவை "இந்தப் பசங்க" என்பதோடு நிறுத்திவிட்டார். மூன்றாவது தடவை முழுசாகச் சொன்னார். ஏழு இடத்திலும் உதடு மூடியது. புளுகுமானி: மிஸ் இப்போது சொன்னது நிஜம், அந்த வீடியோ தொண்ணூற்றொரு சதவீதம் போலி.

"திங்கள்கிழமை தொண்ணூத்தெட்டுன்ன. இன்னிக்கு ஏன் தொண்ணூத்தொண்ணு?" என்றார் எச்.எம்.

"இம்ப்ரூவ் பண்ணிட்டோம் மேடம்."

மிஸ் நேராக லைப்ரரிக்குப் போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். வீடியோவைச் செய்தவனை எச்.எம். தேடுகிறார். முதல்முறையாக என்னை விட்டுவிட்டுத் தேடுகிறார்.

ஜூன் 15, திங்கள்

காலை வணக்கக் கூட்டம். "நம் பள்ளியின் விஞ்ஞானி." என்னைத்தான். கைத்தட்டல். மைக்கைக் கொடுத்தார்கள். பேசினேன். இரண்டு தடவை குனிந்து வணங்கினேன், ஒன்று தேவையே இல்லாதது.

ஜூன் 16, செவ்வாய்

எழுதித் தொலைக்கிறேன்.

நேற்று மைக்கில், "உதட்டை வைத்துப் பிடிக்கலாம் என்று நானே கண்டுபிடித்தேன்" என்றேன். தங்கை ஆறாம் வகுப்பு வரிசையில் கடைசி. அந்த ஸ்பீக்கர் கரகரப்பில் அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது என்று ஒரு தைரியம்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "'கண்டுபிடித்தேன்' சொல்றப்ப உன் உதடு அழகா மூடிச்சு அண்ணா. வீடியோ நிஜம்தான். ஆள்தான் போலி."

இன்று எச்.எம்.மிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். தொண்ணூற்றெட்டு என்பது கிளி போட்ட மார்க். கிளியைப் பிடித்தது மின்னல். உதட்டைப் பிடித்தது தங்கை. எச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அப்ப நீ என்னதான்டா கண்டுபிடிச்ச?"

"பேரு, மேடம்."

நாளைக்கு மறுபடி கூட்டம். தங்கை பேசுகிறாள். மின்னலும் பேசுகிறான், அதனால் முதல் பீரியட் கிடையாது.

கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்றாவது முடி, அம்மாவின் கறுப்பு நூல். கோந்து லைப்ரரியுடையது. தினமும் காலையில் புதிதாக ஒட்டுகிறேன். தங்கைக்கு முதல் நாளே தெரியுமாம்.

மற்ற இரண்டும் நிஜம். ஒன்று நிச்சயமாக நிஜம்.