பாம்புக்குக் கட்டிய வீடு

அன்புள்ள விஜயலட்சுமிக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நம் பெண் செந்தமிழ் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் பெங்களூரில் சௌக்கியம்.

போனில் சொன்னால் அலறுவாய் என்றுதான், உப்பு லோடு இறக்க வந்த அப்பாதுரை அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முதலாளி வளர்க்கும் ‘பால் பைத்தான்’, அதாவது பந்துபோல் சுருண்டுகொள்ளும் சின்ன மலைப்பாம்பு, இப்போது என் பொறுப்பு. விஷமில்லை, பயப்படாதே. செலவில்லாமல் பிளாஸ்டிக் பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே மண்சட்டியைக் கவிழ்த்து, நானே அதற்கு வீடு கட்டினேன். நம் வீட்டுக் கூரை இன்னும் ஒழுகுகிறது என்று நீ திட்டுவது கேட்கிறது.

மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷம் உழைத்த கை, ஈரத்தைக் கண்டால் சும்மா இருக்குமா? தினமும் பெட்டியைத் துடைத்துக் காயவைத்தேன். அது ஈரம் வேண்டிய பாம்பாம். சட்டை சரியாக உரியாமல் கண்மேலேயே ஒட்டிக்கொண்டது.

"இழுத்துடாதீங்கண்ணே, கண்ணே போயிடும். உள்ள ஈரத்துணி போட்டு வைங்க, தானா உரியும்" என்றார் மிருக டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி ஊரிலிருந்து வருகிறார். அதற்குள் உரியாவிட்டால் என் வேலை அவ்வளவுதான். என்னிடம் இருப்பதெல்லாம் பாலியஸ்டர், ஈரம் நிற்கவில்லை. அண்ணன் வெள்ளிக்கிழமை திரும்ப இங்கே வரும்போது உன் பழைய நூல் புடவையைக் கிழித்துக் கொடுத்தனுப்பு. துவைக்காதே, சோப்பு வாசம் பாம்புக்கு ஆகாது.

அண்ணன் ஹாரன் அடிக்கிறார். இரண்டு துண்டாக அனுப்பு. பாம்புக்கு ஒன்று போதும்.

சிவஞானம்