வேப்பிலை கட்டிய வாசல்

அக்கா,

இன்று காலை கச்சான் காற்றில் ஓலை எரிகிற வாசனை வந்தது. கஞ்சிக் கலயத்தை வாயருகே கொண்டுபோன கை அப்படியே நின்றுவிட்டது. மேற்கே ஏதோ ஓர் ஊரில் யாரோ மக்கிப்போன கூரையைப் பிரித்துக் கொளுத்தியிருப்பார்கள். எனக்கு அது தெரியும். இருந்தும் கலயம் சாய்ந்து, கஞ்சி மடியில் கொட்டிவிட்டது. "இன்னாச்சி ராகேலம்மா?" என்று பக்கத்துக் கட்டில்காரி கேட்டாள். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே அடுக்களை வரைக்கும் உன்னைத் தேடிப் போனேன். அங்கே வேறு யாரோ அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நீ இறந்து மூன்று மழைக்காலம் போய்விட்டது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அதனால் எழுத உட்கார்ந்தேன். உனக்கு எழுத்து தெரியாது. கோயில் பள்ளிக்கூடத்தில் நான் கற்றதை வைத்து எதையாவது கிறுக்கினால், "எழுதனது நீ, படிக்கவும் நீயே படி" என்பாய். அதனால் வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுகிறேன்.

நாம் இருவரும் வேலை செய்த அதே வீட்டில்தான் இப்போது எனக்கும் ஒரு கட்டில். ஊரார் அன்று போலவே இன்றும் இதைப் 'பெரியவங்க வீடு' என்றுதான் சொல்கிறார்கள். உலாந்தா தேசத்து வெள்ளைக்காரத் துணி வியாபாரி ஒருவரின் விதவை, பிள்ளையில்லாதவள், தன் வீட்டைத் திக்கற்ற கிழவர்களுக்கென்று விட்டுவிட்டு, நடத்தும் பொறுப்பை ஊரின் பெரிய மனிதர்கள் மூவரிடம் ஒப்படைத்துப் போனாள். அந்த மூன்று காரியக்காரர்களும் மாதம் ஒருமுறை வருவார்கள். வாசலிலேயே நின்று, "எல்லாரும் சுகமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் மலம் எடுப்பதும் நாம் இருவர்தான். நீ ஏரிக்கு அக்கரைக் குப்பத்துக்காரி, கடலில் புருஷனைக் கொடுத்தவள். நான் கோட்டைத் தெருவில் வளர்ந்த பயந்தாங்கொள்ளி. கோட்டையில் பொழுது சாய வெடிக்கிற பீரங்கிக்கு நான் தினமும் துள்ளிவிழுவேன். நீ தினமும் சிரிப்பாய்.

நம் பெரியவர்களில் ரோசம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். அம்மைத் தழும்பு விழுந்த அந்த முகத்தை நீ மறந்திருக்க மாட்டாய். வங்காளத்து ஆற்றங்கரை ஒன்றில் சிறுமியாக விளையாடிக்கொண்டிருந்தவளைக் கொள்ளைக்காரர்கள் வாரிப் படகில் போட்டு, பிறகு கப்பலில் ஏற்றி, இந்த ஊரில் விற்றார்கள். ஒரே வீட்டில் கிழவியாகும்வரை உழைத்தாள். எசமான் செத்ததும் "இனி உனக்கு விடுதலை" என்று தெருவில் விட்டார்கள். இங்கே வந்த நாளிலிருந்து ஏரிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். அவள் கட்டிலை நாம் இரண்டு முறை திருப்பிப் போட்டோமே.

குதிரைக்காரர்கள் வந்த அந்தக் காலையும் இதே வாசனையோடுதான் விடிந்தது. உள்நாட்டு ஊர்களிலிருந்து குடியானவர்கள் மூட்டையும் மாடுமாக நம் வாசலைக் கடந்து ஓடினார்கள். "குதிரைக்காரங்க வராங்க! நெல்லு, வைக்கோலு, ஒண்ணு வுடாம கொளுத்தறாங்க!" எந்த ராசாவின் படை என்று எவருக்கும் தெரியவில்லை. கூலி கிடைக்காத படை என்று மட்டும் பேச்சு. காரியக்காரர்கள் மூவரும் தங்கள் குடும்பங்களோடு கோட்டைக்குள் போய்விட்டார்கள். "ஆள் அனுப்புகிறோம், காத்திருங்கள்" என்று சொல்லிப் போனார்கள். காத்திருந்தோம். வெயில் முற்றத்தின் நடுவுக்கு வந்தது. ஆள் வரவில்லை. நம் வீடோ ஊரின் மேற்குக் கோடியில், வருகிறவன் முதலில் பார்க்கிற இடத்தில்.

நான் தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாய். பிறகு நின்று, "கோட்டைய நம்பி இருந்தா கரிக்கட்டதான். எங்கண்ணன் படகு கரையில கீது. எல்லாரையும் எழுப்பு" என்றாய்.

ஒன்பது பேரை ஏரிக்கரை வரை கொண்டுபோனோம். கால் வராத பழைய பீரங்கிக்காரரை உன் அண்ணன் முதுகில் சுமந்தார். கண் தெரியாத சாயக்காரத் தாத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "குதிரச் சத்தம் கேக்குதா? எனக்குக் கேக்குதே" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். அது என் நெஞ்சுச் சத்தம் என்று நான் சொல்லவில்லை.

ரோசம்மா உன் கையைப் பிடித்து நல்லபடியாகத்தான் நடந்துவந்தாள். படகைப் பார்த்ததும் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் அவள் பாஷையில் கத்தினாள். பிறகு நம் பாஷையில், "ஏத்தாதே, ஏத்தாதே, நான் ஒண்ணும் பண்ணல" என்று ஒரு சின்னப் பிள்ளையின் குரலில் அழுதாள். அந்தக் குரலை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. உன் அண்ணன் பொறுமையிழந்து, "தூக்கிப் போட்டுக்கினு போயிடலாம், நேரமில்ல" என்று அவள் இடுப்பில் கைவைத்தார்.

"கைய எடு" என்றாய். "ஒருக்கா அப்பிடித் தூக்கிப் போட்டுத்தான் அவள இங்க கொண்டாந்தாங்க. இன்னொரு தபா வேணாம்."

"அப்ப இன்னா பண்றது?"

"நீ இவங்கள கூட்டிக்கினு போ. நான் இவகூட வீட்டுக்குப் போறேன்."

நான் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். நானும் வருகிறேன் என்று சொன்னேனா, நீயும் வா என்று சொன்னேனா, தெரியவில்லை. நீ என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாய். "எட்டுப் பேருக்கு யாரு கஞ்சி ஊத்தறது? ஏறுடி" என்றாய். ஏறினேன். உன் அண்ணன் கழி ஊன்றித் தள்ளினார். நீயும் ரோசம்மாவும் கைகோத்தபடி புகை வரும் திசையைப் பார்த்து நடந்து போனதை, நீங்கள் இரண்டு புள்ளியாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குப்பத்தில் ஆளுக்கு ஒரு குடிசையில் நம் பெரியவர்களைப் படுக்கவைத்தார்கள். மீன் குழம்பு கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. மாலையில் ஊர்ப் பக்கம் முழுக்கச் சிவந்தது. கரையில் நின்று எது நம் வீட்டுப் பக்கம் என்று கணக்குப் பார்த்தேன். எல்லாப் புகையும் நம் வீட்டிலிருந்து வருவதாகவே தோன்றியது. பீரங்கிக்காரர் கோட்டைப் பக்கம் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு, "சுடலியே, ஏன் சுடலை?" என்று முனகினார். குதிரைக்காரர்கள் குண்டு எட்டாத தூரத்தில், கோடி வீடுகளில்தான் புகுந்திருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். அது எங்கள் எல்லாருக்கும் புரிந்தது.

மறுநாள் உன் அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"உசுரோட கீதுங்க ரெண்டும்" என்றார். "ஆனா வீட்ல அம்மை போட்டிருக்குனு தெருவே சொல்லுது. வாசல்ல வேப்பிலை."

அம்மை இல்லை என்று பிறகு நீ சொல்லித்தான் தெரிந்தது. கிணற்றடி வேப்ப மரத்தை ஒடித்து வாசல் நிறையச் செருகியிருக்கிறாய். மிச்சத்தைத் தரையில் பரப்பி, ரோசம்மாவைப் படுக்கவைத்து, உடம்பு முழுக்க மஞ்சள் அரைத்துப் பூசியிருக்கிறாய். பழைய தழும்புகள் மஞ்சளில் புதுசாகத் தெரிந்தனவாம். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, வேப்பங்கொத்தால் அவளுக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். குதிரைக்காரன் ஒருவன் வாசல்படி ஏறிக் குனிந்து பார்த்தான். தன் ஆட்களிடம் ஏதோ கத்தினான். இறங்கிப் போய்விட்டான். போகிற போக்கில் அடுக்களைக் கொட்டகையைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான்.

"ரோசம்மா பாவம், கெடுகெடுன்னு நடுங்கனா. நான்தான் தட்டித் தட்டி அடக்கி வெச்சேன்." இப்படித்தான் நீ எல்லாரிடமும் சொன்னாய். மீன் விற்க வருகிறவளிலிருந்து பிரசங்கியார் வரைக்கும் இந்தக் கதையைக் கேட்காதவர் இல்லை. கேட்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன், இவளைப் போல ஒரு துளி தைரியம் எனக்கு இருந்தால் என்ன என்று.

ஆனால் அன்று நீ கட்டிய வேப்பிலை நமக்கே வினையாயிற்று. கோட்டையிலிருந்து வெளியே வந்த காரியக்காரர்கள் அம்மை என்று கேட்டதும் தெருமுனையிலேயே நின்றுகொண்டார்கள். மூக்கில் துணி. "கிழவர்கள் அக்கரையிலேயே இருக்கட்டும். வீட்டை மூடிவிடுகிறோம்" என்றார்கள். துணி மூட்டை வைக்க அந்த வீட்டை ஒரு வியாபாரி வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். சேதி அக்கரைக்கு வந்தது. கூடவே உன் சேதியும் வந்தது: "எல்லாரையும் படகுல ஏத்திக்கினு இப்பவே வா."

நாங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது நீ ரோசம்மாவை வாசலுக்குக் கூட்டிவந்து நிறுத்தியிருந்தாய். பெரிய மனிதர்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு குடம் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினாய். மஞ்சள் வழிந்து தெருவில் ஓடியது.

"இதான் சாமி உங்க அம்மை. மூக்குல இருக்கறத எடுங்க."

அதற்குப் பிறகும் அவர்களில் மூத்தவர், அடுக்களைக் கொட்டகை எரிந்துவிட்டது, நடத்த வழியில்லை, மூடுவது மூடுவதுதான் என்றார். நீ அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாய். என்னைப் பார்த்து, "இன்னாத்துக்கு நிக்கற? கூட்டிக்கினு உள்ள போ" என்றாய்.

என் வாழ்நாளிலேயே மிகவும் பயந்தது அந்த நடைக்குத்தான். குதிரைக்காரனை நான் பார்க்கவில்லை, இவர்களை எனக்குத் தெரியும். காவல்காரனைக் கூப்பிடுவார்கள், கசையடி கொடுப்பார்கள், என் தம்பியின் கோட்டை வேலை போய்விடும். இத்தனையும் நினைத்துக்கொண்டேதான் நடந்தேன். உன் அண்ணன் முதுகில் பீரங்கிக்காரர் முதலில் போனார். பின்னால் ஒவ்வொருவராக, அந்த மூவருக்கும் நடுவே புகுந்து, உள்ளே. சாயக்காரத் தாத்தா கதவு நிலை என்று நினைத்து மூத்தவரின் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "துணி நல்லாருக்குதே, சாயம்தான் நிக்காது" என்றார். தெருவே சிரித்துவிட்டது. கிழவர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள அத்தனை கண்களுக்கு முன்னால் எவரும் துணியவில்லை. மூவரும் போய்விட்டார்கள். அடுத்த வாரம் இளையவர் மட்டும் அரிசி அனுப்பினார். குப்பத்திலிருந்து மீன் வந்தது. அடுத்த அறுப்பு முடிந்து உள்நாட்டுக் குடியானவர்கள் நெல் கொடுத்தார்கள். வீடு மூடப்படவில்லை. ஆனால் அந்த மூவரின் காலடி கேட்கும்போதெல்லாம் இன்றைக்கு மூடிவிடுவார்களோ என்று எத்தனையோ வருஷம் நான் கலங்கினேன். நீ கலங்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பீரங்கிக்காரர் போனார், தாத்தா போனார், ரோசம்மா ஒரு மத்தியானம் தூக்கத்திலேயே போனாள். நீயும் நடை தளர்ந்து, நாம் விரித்துப் பழகிய கட்டில்களில் ஒன்றில் படுத்தாய். காய்ச்சல் விடாத கடைசி வாரத்தில், உனக்குக் கஞ்சி ஊட்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"ராகேலு, ஒண்ணு சொல்றேன். அந்தக் குதிரக்காரன் குனிஞ்சி பாத்தானே, அன்னைக்கி நடுங்கனது ரோசம்மா இல்ல. நானு."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"கத்திடப் போறேன்னு எனக்கே தெரிஞ்சுது. தொண்ட வரைக்கும் வந்துட்ச்சி. அவ படுத்தாப்பலயே கைய நீட்டி என் தலய இழுத்து, நெஞ்சுல வெச்சி அமுக்கிக்கினா. என் வாயி அவ மேல அழுந்திக்கிச்சி. சத்தமே வரல. சாவற ஆத்தாவ மவ கட்டிக்கினு கீறானு அவன் நெனச்சிருப்பான். கொள்ளக்காரன் வந்தா மூச்ச எப்பிடிப் புடிக்கணும்னு அவளுக்குத் தெரியும்டி. எனக்குத் தெரியல."

"ஏன்க்கா இத்தன நாளா மாத்திச் சொன்ன?"

"நீ என்னப் பாத்துத்தான நின்னுக்கினு இருந்த. நான் பயந்தேன்னா நீ எங்க போவ?" என்றாய். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "இப்பவும் பயமாத்தான் கீது. கிட்டயே இரு" என்றாய்.

இருந்தேன். மூன்றாம் நாள் நீ போகும்வரை உன் கை என் கையில்தான் இருந்தது.

அக்கா, தைரியம் என்று உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போயிற்று. முதலில் அது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. நான் சாய்ந்து நின்ற சுவரும் ஆடிக்கொண்டுதான் இருந்தது என்று தெரிந்தால் யாருக்குத்தான் இருக்காது? இப்போது அப்படியில்லை. இந்த வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் சாப்பிடுவதில்லை. மகன் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிருப்பான். கட்டிலின் ஓரத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வேலைக்காரிகள் தேற்றிப் பார்ப்பார்கள், அதட்டிப் பார்ப்பார்கள். நான் மெதுவாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் பயமாத்தான் இருக்குது" என்கிறேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்ப்பார்கள். பிறகு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, இரண்டு வாய் சாப்பிடுகிறார்கள்.