இது நம்பிக்கைக்கும் பொருந்தும்

மார்ச் 3, செவ்வாய்

இந்த மாதம் உறுதி, ஐயம் சார்ந்த சொற்களெல்லாம் என் மேசைக்கு. எங்கள் அகராதியின் ஆசிரியருக்கு ஒரு வழக்கம்: நாங்கள் எழுதிய பொருளை உரக்கப் படிக்க வேண்டும், அது வேறொரு சொல்லுக்கும் பொருந்துகிறது என்று யாராவது சொல்லிவிட்டால் அடித்துவிட வேண்டும். ‘வறட்டுவாதம்: ஆதாரமே இல்லாமல், தான் சொல்வதுதான் உண்மை என்று சாதிப்பது’ என்று படித்தேன்.

“இது நம்பிக்கைக்கும் பொருந்துதேம்மா” என்றார் ஆசிரியர்.

எனக்குச் சுர்ரென்றது. இரண்டும் ஒன்றா? என் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, கால் கட்டைவிரல் புண்ணை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டு என் கணவர் உட்கார்ந்திருக்கிறார்.

மார்ச் 8, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மறுபடி கேட்டேன். இருக்கிற வியாதியெல்லாம் மாத்திரையால் வந்ததுதானாம். புண் பெரிதானால் என்ன செய்வது, ஒருவேளை உள்ளே சீழ் பிடித்திருக்கலாமே என்றேன்.

“‘இருக்கலாம்’னு சொல்றவனை நான் லிஃப்ட் கிட்டயே விட்டதில்ல. இது ஆறிடும். அவ்வளவுதான்.”

லிஃப்ட் மெக்கானிக். சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அதுதான் வினையே.

மார்ச் 12, வியாழன்

விரல் நுனி கறுத்திருக்கிறது. நிழல் என்கிறார்.

மார்ச் 16, திங்கள்

அவர் தூங்கும்போது எடுத்த போட்டோவோடு டாக்டரிடம் தனியாகப் போனேன். போட்டோவுக்கு வைத்தியம் பார்க்க முடியாது, ஆளைக் கூட்டி வாருங்கள், இன்றே வந்தால் விரலோடு போகும் என்றார்.

வீட்டில் வந்து சொன்னால், வரவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். கத்தினேன். கெஞ்சினேன். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். என்னைவிட இரண்டு மடங்கு கனம் — தூக்கிக்கொண்டா போக முடியும்? நான் என்னதான் பண்ணட்டும்? குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பயமாக இருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

காய்ச்சலில் நினைவு தப்பிவிட்டது. எதிர்வீட்டுக்காரர்கள்தான் தூக்கிக் காரில் ஏற்றினார்கள். விரல் மட்டும் எடுத்தால் போதாதாம், கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டுமாம். கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 27, வெள்ளி

சக்கர நாற்காலியில் ஸ்கேனுக்குக் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரி லிஃப்ட் கிறீச்சிட்டது. அவருக்குப் பிடித்த விஷயமாயிற்றே, பேச்சுக் கொடுக்கலாம் என்று, என்ன சத்தம் அது என்று கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எனக்கென்ன தெரியும்? தெரிஞ்சவங்களைக் கேளு.”

இந்த வாயிலிருந்து ‘தெரியாது’ என்று ஒரு சொல் வராதா என்று எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன். வந்தபோது, ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த பொத்தானை மறுபடி அழுத்தினேன்.

ஏப்ரல் 2, வியாழன்

வேலைக்குப் போனேன். ‘பிடிவாதம்’ என்பதற்குக் கீழே வரும் மரபுத்தொடர்களைப் பக்கத்து மேசைக்காரியிடம் தள்ளிவிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்கிறார். மாத்திரை இப்போதா, சாப்பிட்ட பிறகா. ஜன்னலைச் சாத்தலாமா. பழைய திமிரோடு ஒரு அதட்டல் போடமாட்டாரா என்றிருக்கிறது.

மற்றக் காலிலும் உணர்ச்சி குறைந்திருக்கிறது. இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். படுக்கையை விரித்துக்கொண்டிருந்தபோது அவராகவே கேட்டார்.

“இந்தக் காலாவது நிக்குமா?”

“நிக்கும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நிக்கும். அவ்வளவுதான்.”

முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

‘வறட்டுவாதம்’ என்ன ஆயிற்று என்று ஆசிரியர் கேட்டார். எழுதியிருந்ததை அடித்துவிட்டதாகச் சொன்னேன்.

“நீங்க சொன்னது சரிதான் சார். பொருந்துது.”